கதையில் சிரிப்பு வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

கதையில் ஒரு வரி சிரிப்பு மூட்டவில்லை என்றால் எல்லோரும் முதலில் அந்த வரியைத்தான் திருத்தத் தொடங்குகிறார்கள். சொல்லை மாற்றிப் பார்க்கிறார்கள், கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள், இறுதியில் ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்க்கிறார்கள். தண்ணீர் வராத குழாயையே திருகிக்கொண்டிருப்பது போன்ற வேலை இது. மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் இளம் எழுத்தாளர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய கதைகளை வாசித்துவருகிறேன். சிரிப்பு வராத வரிக்கு இரண்டு மூன்று பத்திகள் முன்னால்தான் பெரும்பாலும் பழுது இருக்கும் என்பதை அங்கேதான் கற்றேன்.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கதையில் எது தெரிகிறதோ நேராக அங்கே போகலாம். அதற்கு முன் ஒரு சோதனை. கதையை நீங்கள் வாசிக்காமல், வேறொருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களே வாசித்தால் எழுத்தில் இல்லாததையும் உங்கள் குரல் சேர்த்துக் கொடுத்துவிடும். கையில் ஒரு பிரதியையும் பென்சிலையும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் சிரித்த இடத்தில் ஒரு வட்டம். நீங்கள் எதிர்பார்த்தும் சிரிப்பு வராத இடத்தில் ஒரு பெருக்கல் குறி. வாசிப்பவர் தடுமாறிய இடத்தில் ஓர் அடிக்கோடு. இந்த மூன்று குறிகளும் பிரதியில் விழுவதற்கு முன் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். நன்றாக இருக்கும் வரிகளைக் கெடுத்து, பழுதான வரிகளை அப்படியே விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உதாரணத்துக்குக் கடைசிவரை ஒரே கதையை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் எழுதியது. அவருடைய சம்மதத்தோடு பயன்படுத்துகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. மணப்பெண்ணின் பெரியப்பா, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். அரிசி, பருப்பு, வெல்லம், தேங்காய் எல்லாம் வைத்திருக்கும் உக்கிராண அறையின் சாவி அவரிடம் இருக்கிறது. முந்தைய கல்யாணத்தில் ஒரு மூட்டைத் தேங்காய் காணாமல் போனதால், பெண்ணின் அப்பா அவரிடம் சொல்லியிருக்கிறார்: “அண்ணா, கையெழுத்து இல்லாமல் ஒரு தேங்காய்கூட வெளியே போகக் கூடாது.” பெரியப்பா ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவிட்டார்.

அறிகுறி: நேரில் சொன்னபோது சிரித்தார்கள், எழுதியபோது சிரிக்கவில்லை

இதுதான் அதிகம் வருகிறது. அந்த இளைஞரும் முதலில் எங்களிடம் வாயால்தான் சொன்னார். அறையே சிரித்தது. மறுவாரம் எழுதிக் கொண்டுவந்தார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, அவர் முகம் வாடிவிட்டது.

வாயால் சொன்னபோது அவர் இடுப்பைத் தொட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பெரியப்பாவின் நிதானமான குரலில் பேசினார். தேங்காய் கேட்கும் இடத்துக்கு முன் ஒரு கணம் நிறுத்தினார். எழுத்தில் அந்தக் கையும் குரலும் நிறுத்தமும் போய்விட்டன. மிஞ்சியது இவ்வளவுதான்: “எங்கள் பெரியப்பா மிகவும் கண்டிப்பானவர். கல்யாண வீட்டில் தேங்காய் கேட்டால்கூடக் கையெழுத்துக் கேட்பார்.” இது ஒரு செய்தி. செய்தியைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

ஒரு தாளில், நேரில் சொன்னபோது உங்கள் கையும் முகமும் குரலும் என்ன செய்தன என்று எழுதுங்கள். கேட்டவர்களுக்கு அந்த மனிதரைப் பற்றி முன்பே என்ன தெரிந்திருந்தது என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொன்றையும் கதைக்குள் ஒரு சிறு செயலாகக் கொண்டுவர வேண்டும். அதுவும் சிரிப்பு வர வேண்டிய இடத்துக்கு முன்பே. இளைஞர் இப்படித் திருத்தினார்:

“பெரியப்பா உக்கிராண அறைக் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். நான்கடி நடந்தார். திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.”

இந்த இடத்தில் யாரும் வாய்விட்டுச் சிரிக்க மாட்டார்கள், சிரிக்கவும் வேண்டாம். ஆனால் அடுத்த பக்கத்தில் அவர் நோட்டைத் திறக்கும்போது வாசகருக்கு அவரைப் பத்து வருடமாகத் தெரியும். வாயால் சொன்னபோது விட்ட நிறுத்தத்தையும் செயலாக மாற்றலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது, பேனாவின் மூடியைத் தேடுவது போன்ற ஒரு வரி போதும், வாசகரை அரை விநாடி நிறுத்திவைக்கும். மூன்று புள்ளி வைத்து அந்த வேலையைச் செய்ய முயல வேண்டாம்.

அறிகுறி: கதைக்குள் எல்லோரும் சிரிக்கிறார்கள், வாசகர் சிரிக்கவில்லை

பிரதியில் “என்று சொல்லிச் சிரித்தான்”, “அறையே அதிர்ந்தது”, “வேடிக்கையாகச் சொன்னார்”, “நகைச்சுவை உணர்வு மிக்கவர்” போன்றவற்றைத் தேடி எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். ஆச்சரியக்குறிகளையும் எடுத்துவிடுங்கள். வாசகர் சிரிக்க வேண்டிய சிரிப்பைப் பாத்திரங்களே சிரித்துத் தீர்த்துவிட்டால் அவருக்கு மீதி எதுவும் இல்லை. அடித்த பிறகு அந்தக் காட்சி வெறுமையாகத் தெரிந்தால், அங்கே நகைச்சுவை முதலிலேயே இருக்கவில்லை என்று பொருள். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: பாத்திரம் வேடிக்கையாகப் பேசிக்கொண்டே இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். என் கணிப்பில், கதையில் நகைச்சுவை தோற்கும் இடங்களில் பாதிக்கு மேல் கடைசியில் இங்கேதான் வந்து சேரும்.

நம் வார இதழ்களில் துணுக்குக்கு நீண்ட மரபு உண்டு. 1926இல் ஆனந்த விகடன் தொடங்கிய காலத்திலிருந்து, டாக்டரும் நோயாளியும், கணவனும் மனைவியும் இரண்டே வரியில் பேசிச் சிரிக்கவைத்துவிட்டுப் போவதைப் படித்து வளர்ந்த தலைமுறைகள் நாம். துணுக்கு அருமையான வடிவம். ஆனால் அங்கே பேசுகிறவருக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. கதையில் வருகிறவருக்கு இரண்டும் உண்டு. துணுக்கு பேசும் வாயைக் கதைப் பாத்திரத்துக்குப் பொருத்தினால் அவர் பக்கத்துக்குப் பக்கம் கெட்டிக்காரத்தனமாகப் பேசுவார். வாசகர் அவரை நம்ப மாட்டார்.

இதற்குத் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியலைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. நகை எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டு, அது நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரை எள்ளுவது, பிள்ளைத்தனம், அறியாமை ஆகிய மூன்றும் எளிதில் புரிந்துவிடும். நான்காவதுதான் கதை எழுதுகிறவர்களுக்குப் புதையல். பேதைமையும் மடனும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் உரையாசிரியர் பிரித்துக் காட்டுகிறார். பேதைமை அறிவின்மை. மடன், ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’. அதாவது, ஒருவர் சொல்லிக்கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வாங்கியதை விடாமல் பிடித்திருப்பது.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை நினைத்துப் பாருங்கள். குதிரையில் போகும் குருவின் தலைப்பாகை விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லை என்று சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதை எல்லாம் எடுக்க வேண்டும் என்கிறார் குரு. குதிரைச் சாணத்தையும் எடுத்துவைக்கிறார்கள். கடைசியில் எதை எதை எடுக்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். பிறகு குருவே விழுகிறார். பட்டியலில் குருவின் பெயர் இல்லை. சீடர்கள் ஒருவரும் நகைச்சுவையாகப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் குருவிடம் பக்தி கொண்டவர்கள், கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவர்கள், தவறு நேரக் கூடாது என்று அஞ்சுகிறவர்கள். அந்த ஊரிலேயே அவ்வளவு அக்கறையுள்ளவர்கள் வேறு யாரும் இல்லை. அங்கேதான் சிரிப்பு இருக்கிறது.

ஆகவே திருத்தும் முறை இது. உங்கள் பாத்திரம் எதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். “சபாபதி பெரியப்பா, தம்பி சொன்ன ஒரு வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறார்.” பிறகு, அதை அவருக்கு யார் சொன்னார்கள், அவர் ஏன் விட மாட்டார் என்று கேளுங்கள். சங்கத்தில் 31 வருடம் வேலை பார்த்தும் அவரை நம்பி யாரும் சாவி கொடுத்ததில்லை என்பது அந்த இளைஞரின் பதில். அதைச் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. கதை அந்த இடத்தில்தான் பிறந்தது. அதன் பிறகு பெரியப்பா பேசும் வேடிக்கைப் பேச்சுகள் ஒன்பதையும் அவரே அடித்துவிட்டார். காட்சியில் மிகத் தீவிரமாக இருக்கிறவர் யார் என்று பாருங்கள். அது நகைச்சுவைப் பாத்திரமாகவே இருக்க வேண்டும். மற்றவர்கள் அவசரப்படலாம், கெஞ்சலாம், கோபப்படலாம். அவர் மட்டும் கடமையைச் செய்கிறார்.

இதைச் செய்தும் சரியாகவில்லை என்றால், கதைசொல்லியின் குரலைப் பாருங்கள். “பெரியப்பா உளறினார்”, “முட்டாள்தனமாகக் கேட்டார்” என்று கதைசொல்லியே தீர்ப்புச் சொல்லிவிட்டால் வாசகருக்கு வேலை இல்லை. “கேட்டார்” என்பது போதும். தமிழில் ‘ஆர்’ என்ற மரியாதை விகுதியைக் கடைசிவரை மாற்றாமல் வைத்திருப்பதே பெரிய பலம். மரியாதை குறையாமல் சொல்லச் சொல்ல நிலைமையின் அபத்தம் தானாகத் தெரியும்.

அறிகுறி: விஷயம் வேடிக்கையானதுதான், வரி மட்டும் சப்பென்று இருக்கிறது

பென்சிலில் பெருக்கல் குறியும் அடிக்கோடும் ஒரே இடத்தில் விழுந்தால் இதுதான் காரணமாக இருக்கும். வாக்கியத்தில் சொற்கள் தவறான வரிசையில் நிற்கின்றன.

தமிழ் வாக்கியம் இயல்பாக வினையில் முடிகிறது. வினையோ பெரும்பாலும் ‘செய்தார்’, ‘சொன்னார்’, ‘மறுத்துவிட்டார்’ போன்ற மங்கலான சொல். வாசகரைத் திடுக்கிடவைக்க வேண்டிய சொல் நடுவிலேயே கடந்துபோய்விடும். இளைஞரின் முதல் பிரதியில் இருந்தது: “புரோகிதரிடம் கையெழுத்து வாங்காமல் தாலி வைக்கும் தேங்காயைக் கொடுக்க முடியாது என்று பெரியப்பா மறுத்துவிட்டார்.” புரோகிதரும் கையெழுத்தும் முதல் இரண்டு சொற்களிலேயே வெளிப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வால்.

திருத்திய பிரதி:

“முகூர்த்தத்துக்கு ஆறு நிமிடம் இருந்தது. தாலி வைக்கத் தேங்காய் வேண்டும் என்று புரோகிதரே எழுந்து வந்துவிட்டார். பெரியப்பா மூட்டையில் தேடி, நல்ல தேங்காயாகப் பார்த்து எடுத்தார். நார் துடைத்தார். குடுமியைச் சரிபார்த்தார். புரோகிதர் கையை நீட்டினார். பெரியப்பா அந்தக் கையில் வைத்தது நோட்டை.”

‘வைத்தது நோட்டை’ என்று பெயரில் முடிக்கும் வசதி தமிழில் இருக்கிறது. எதிர்பாராத சொல்லைக் கடைசியில் நிறுத்த இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தினால் வாசகர் அந்தத் தந்திரத்தைக் கண்டுகொள்வார்.

ஓரெழுத்து, ஈரெழுத்து இடைச்சொற்களும் இங்கே நிறைய வேலை செய்கின்றன. “புரோகிதர் கையெழுத்துப் போட்டார்” என்பது தகவல். “புரோகிதரும் கையெழுத்துப் போட்டார்” என்றால், அந்த ‘உம்’ அதுவரை கையெழுத்துப் போட்ட சமையல்காரர், பந்தல்காரர், பெண்ணின் அத்தை எல்லோரையும் வரிசையில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. ‘ஆம்’ விகுதியும் அப்படித்தான். “முகூர்த்தமாம், அவசரமாம்” என்று பெரியப்பா முணுமுணுத்தால், உலகமே ஒரு வதந்தி என்றும் நோட்டு மட்டுமே உண்மை என்றும் அவர் நினைப்பது தெரிந்துவிடுகிறது. இந்த நயங்கள் நம் மொழியில் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றை விட்டுவிட்டு அடைமொழிகளை அடுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எண்களையும் சரிபாருங்கள். ‘நிறையத் தேங்காய்’ சிரிப்புக்கு உதவாது. ‘412 தேங்காய், அதில் அழுகல் 3’ உதவும்.

அறிகுறி: “இப்படியெல்லாம் நடக்குமா?” என்று கேட்கிறார்கள்

இரண்டாவது பிரதியில் இளைஞர் உற்சாகத்தில் கல்யாணத்தை இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டார். சம்பந்திகள் சண்டை போட்டார்கள், போலீஸ் வந்தது, பெரியப்பா போலீஸ்காரரிடமும் கையெழுத்து வாங்கினார். நாங்கள் யாரும் நம்பவில்லை.

மிகைப்படுத்துவதில் நம் பழைய ஆசான் காளமேகப் புலவர். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நாகைப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் சோறு வரத் தாமதமான கதையை ஒரு வெண்பாவில் வைத்தார். பொழுது சாயும்போது அரிசி வருகிறது. அதைக் குத்தி உலையில் இடும்போது ஊர் அடங்கிவிடுகிறது. ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது வெள்ளி முளைத்துவிடுகிறது. அவ்வளவுதான் பாட்டு. இதில் நடக்க முடியாதது எதுவும் இல்லை. நீட்டியிருப்பது ஒன்றே ஒன்றை, காலத்தை. அரிசி, உலை, அகப்பை, இலை எல்லாம் எந்தச் சத்திரத்திலும் இருப்பவை, நடக்கும் வரிசையிலேயே நடக்கின்றன. ஒவ்வொரு படியிலும் வானத்தில் ஒரு கடிகாரம் தெரிகிறது. பசித்தவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்பதால் அந்தக் கடிகாரமும் பொருத்தமானது.

உங்கள் காட்சியில் எத்தனை விஷயங்களை நீட்டியிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் மற்றவற்றை இயல்பான அளவுக்குத் திருப்பிவிடுங்கள். பெரியப்பா கதையில் ஆறு நிமிடம் ஆறு நிமிடமாகவே இருக்கட்டும் என்று முடிவுசெய்தோம். நீட்டியது அவருடைய நிதானத்தை மட்டும். முதல் நிமிடத்தில் தேதி எழுதினார். இரண்டாவதில் பொருள்: தேங்காய். மூன்றாவதில் எண்ணிக்கை: 1, அடைப்புக்குறிக்குள் ‘ஒன்று மட்டும்’. நான்காவது நிமிடத்தில் பேனா எழுதவில்லை; ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டார். ஐந்தாவது நிமிடத்தில் பெரியப்பா நிமிர்ந்து புரோகிதரிடம் கேட்டார், “முகவரி?” வட்டத்தில் வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். போலீஸ் தேவைப்படவில்லை.

அறிகுறி: முதல் பக்கத்தில் சிரிப்பு, மூன்றாவது பக்கத்தில் அலுப்பு

ஒரே விளையாட்டு ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருகிறது. சமையல்காரர் உப்புக் கேட்கிறார், கையெழுத்து. பந்தல்காரர் கயிறு கேட்கிறார், கையெழுத்து. அத்தை வெற்றிலை கேட்கிறார், கையெழுத்து. மூன்றாவது ஆள் வரும்போதே வாசகர் முன்னால் போய்விட்டார்.

திரும்ப வருவது தவறில்லை. திரும்ப வரும்போது எதையாவது மாற்ற வேண்டும். கேட்கிறவரையோ, தாமதத்தின் விலையையோ, நாம் பெரியப்பாவைப் பற்றி அறிந்துகொள்வதையோ. இளைஞர் அத்தையை எடுத்துவிட்டு ஒரு சிறு குழந்தையைக் கொண்டுவந்தார். குழந்தை வெல்லக்கட்டி கேட்கிறது. அதற்கு எழுதத் தெரியாது. பெரியப்பா யோசித்து, மைப்பெட்டியைத் தேடி எடுத்து, கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு ஒரு கட்டி கொடுக்கிறார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுக்கிறார். அதற்கு ரேகை வாங்கவில்லை, அது அவருடையது. இந்த இடத்தை முதன்முதலில் வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. மனிதர் கொண்டதை விடவும் இல்லை, அன்பைக் காட்டாமலும் இல்லை. இப்படி ஒன்று நடுவில் வந்துவிட்டால் வாசகர் அதன் பிறகு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார்.

சிறு பழுதுகள் இரண்டு

சிலேடை எடுபடவில்லை என்றால் பெரும்பாலும் அதைச் சொல்கிறவருக்கு அந்த நேரத்தில் சிலேடை பேசக் காரணம் இல்லை. காரணத்தை உண்டாக்குங்கள், முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். சிலேடையை விளக்கி அடுத்த வரி எழுத நேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

வேறு ஊர்க்காரருக்கு, யாழ்ப்பாணத்திலோ மலேசியாவிலோ இருக்கும் தமிழ் வாசகருக்கு, ஒரு சொல் புரியவில்லை என்றால் அடிக்குறிப்புப் போட வேண்டாம். உக்கிராண அறை என்றால் என்னவென்று சொல்வதற்குப் பதில், கதவு திறந்ததும் வெல்லமும் புதுக் கோணிப்பையும் சேர்ந்து மணந்தது என்று எழுதினால் போதும்.

அறிகுறி: எல்லோரும் சிரித்தார்கள், ஒருவர் முகம் மட்டும் மாறியது

இந்த அறிகுறியை ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். “எல்லோரும் சிரித்தார்களே” என்பது பதில் ஆகாது.

பல வருடங்களுக்கு முன் நான் ஒரு கதை எழுதினேன். பாத்திரம் துலக்க வரும் ஒரு பெண், ஆங்கிலச் சொற்களைத் தவறாக உச்சரிப்பார். அதுதான் அந்தக் கதையின் சிரிப்பு. ஓர் இலக்கியக் கூட்டத்தில் வாசித்தேன், நல்ல வரவேற்பு. கூட்டம் முடிந்ததும் ஒரு பெண் வந்து கேட்டார்: “அந்த அம்மாவுக்குக் கதையில் வேறு என்ன வேலை?” என்னிடம் பதில் இல்லை. அவருக்கு ஒரு விருப்பம் இல்லை, ஒரு கவலை இல்லை, திருப்பிப் பேச ஒரு வரி இல்லை. தவறாக உச்சரிப்பதற்காகவே அவரை அங்கே நிறுத்தியிருந்தேன். அந்தக் கதையை நான் எந்த இதழுக்கும் அனுப்பவில்லை.

தொல்காப்பியத்தின் எள்ளலுக்கு உரை சொல்லும் இடத்தில், தான் பிறரை எள்ளி நகுவதோடு, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவதும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. எள்ளல் இருவழிப் பாதை. நான் எழுதியது ஒருவழிப் பாதையாக இருந்தது. அதிலிருந்து மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறேன். சிரிப்புக்கு உள்ளாகிறவருக்குக் கதையில் ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறதா? அவரால் திருப்பிப் பேசவோ செய்யவோ முடிகிறதா? சிரிப்பு அவர் செய்வதைப் பார்த்து வருகிறதா, அல்லது அவருடைய நிறம், உடல், சாதித்தொழில், வட்டார வழக்கு ஆகியவற்றைப் பார்த்து வருகிறதா? கடைசிக் கேள்விக்கு இரண்டாவது விடை வந்தால் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அந்தச் சிரிப்பை எடுத்துவிட வேண்டும்.

பெரியப்பா கதையிலும் இந்தப் பழுது வந்தது. முதல் பிரதியின் முடிவில், பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது பெரியப்பா மாப்பிள்ளையிடம் நோட்டை நீட்டுகிறார். பொருள் என்ற கட்டத்தில் பெண்ணின் பெயர். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் கையெழுத்து. வட்டத்தில் ஆண்கள் சிரித்தோம். ஒரு தோழி சிரிக்கவில்லை. “அவளும் உக்கிராணத்தில் இருந்த சாமானா?” என்று கேட்டார். பெரியப்பா அப்படிப்பட்டவர்தானே என்று இளைஞர் வாதாடினார். வாதத்தில் நியாயம் உண்டு. பெரியப்பா அப்படிச் செய்யக்கூடியவர்தான். ஆனால் கதையும் அவரோடு சேர்ந்து அந்தப் பெண்ணைக் கட்டத்துக்குள் எழுதிவிட்டது. அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு வரி இல்லை. நாங்கள் சொன்னது ஒன்றுதான்: பேனாவை அவளிடம் கொடுத்துப் பாருங்கள்.

அறிகுறி: சிரிப்பு இருக்கிறது, ஆனால் முடிவில் துக்கமும் ஒட்டவில்லை, சிரிப்பும் ஒட்டவில்லை

மெய்ப்பாடுகள் எட்டையும் சொல்லும்போது தொல்காப்பியம் நகையை முதலில் வைக்கிறது, அடுத்ததாக அழுகை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். நாம்தான் நடுவில் ஒரு பத்தி எழுதிக் கெடுக்கிறோம். “அதுவரை சிரித்துக்கொண்டிருந்த வீடு சட்டென்று மௌனமானது” என்பது போன்ற ஒரு வாக்கியம் உங்கள் பிரதியில் இருந்தால் அதை அடியுங்கள். சிரிப்பு முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டுத் துக்கத்தைத் தொடங்கினால் இரண்டுமே அறிவிப்பாகிவிடும். சிரிப்பை உண்டாக்கிய அதே பொருளை, அதே பழக்கத்தை, பிரிவின் நடுவில் கொண்டுபோய் வையுங்கள். பெரியப்பா அப்போதும் கடமையைத்தான் செய்ய வேண்டும். அவர் திடீரென்று உணர்ச்சிவசப்பட்டுப் பேசினால் அதுவரை நாம் அறிந்த மனிதர் காணாமல் போய்விடுவார்.

பிறகு கடைசிப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு அதற்கு முந்தைய வரியை வாசித்துப் பாருங்கள். கதை அங்கேயே முடிந்திருந்தால் மறைத்ததை அடித்துவிடலாம். இளைஞரின் பிரதியில் இன்னும் நான்கு வாக்கியங்கள் இருந்தன. பெரியப்பா கண்ணைத் துடைத்தார், எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், அன்பு என்பது இதுதானோ என்று கதைசொல்லி நினைத்தார். நான்கும் போயின. இப்போது கதை இப்படி முடிகிறது:

“வண்டியில் ஏறுவதற்கு முன் அவள் உக்கிராண அறைக்கு வந்தாள். நோட்டைக் கேட்டாள். பெரியப்பா கொடுத்தார். பேனாவையும் கேட்டாள். பொருள் என்ற இடத்தில் ‘பெரியப்பாவின் பேனா’ என்று எழுதினாள். எண்ணிக்கை 1. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேனாவைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார்.

‘தேதி போடவில்லையே அம்மா’ என்றார்.

வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.”